இன்ஸ்டாவையும் மூடிட்டா நம்மூரு சின்ன வியாபாரம் என்னாகும்?

நொய்யல்கரை:
நேத்து பேக்கரியில மச்சானோட ஒரே சண்டைங்க. ஆஸ்திரேலியாவுல 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு சோசியல் மீடியா கணக்கே கூடாதுன்னு 2025 டிசம்பர்ல சட்டம் அமலுக்கு வந்துச்சு இல்லீங்களா, இங்க மொத்தமா இன்ஸ்டாகிராமையே மூடிரணுமாம். நான் திருப்பூர் காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏத்துமதி போக மிஞ்சுன டி-சர்ட் எடுத்து இன்ஸ்டாவுல விக்கறவன். மூடுனா நான் எங்க போறது?

மஞ்சமண்டி:
மூடட்டும்ங்க. 2020 ஜூன் 29-ல டிக்டாக்கோட சேத்து 59 ஆப்பைத் தடை பண்ணுனாங்க. அன்னைக்கும் இதே ஒப்பாரிதான். அடுத்த மாசமே ரீல்ஸ் வந்துச்சு, செப்டம்பர்ல ஷார்ட்ஸ். எந்தக் கடை மூடுச்சு? எங்க ஈரோட்டு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை எந்த ஆப்பை நம்பி நடக்குது? ஆப்பை நம்புனா கடைசியில ஆப்புதான்.

சென்னிமலை தறி:
எங்க கடை மூடுச்சுங்கண்ணா.

அப்பா தறி ஓட்டறதை வீடியோ எடுத்து டிக்டாக்ல போட்டுட்டு இருந்தேன். 18 ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாங்க. லாக்டவுன்ல ஒரு வியாபாரியும் ஊருக்குள்ள வரல, கூட்டுறவு சங்கத்துல சரக்கு தேங்கிக் கெடந்துச்சு. கூரியர் ஓட ஆரம்பிச்சதும் தேனி, திருநெல்வேலின்னு போர்வை கேட்டு வந்ததெல்லாம் அந்த வீடியோவைப் பாத்துத்தான்.

தடை வந்தப்பக்கூட வெசனப்படலீங்க. 2019 ஏப்ரல்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை தடை போட்டு, மூணு வாரத்துல எடுத்துட்டாங்க. இதுவும் அப்படித்தான்னு காத்துட்டே இருந்தோம். 2021 ஜனவரியில நிரந்தரத் தடைன்னாங்க.

ரீல்ஸ் வந்துச்சுங்கறீங்க. ஆப் வந்துச்சு, ஆளுக வரலீங்க. டிக்டாக்ல எங்க வீடியோ பாத்தவங்க பாதிப்பேரு கிராமத்து அக்காமாருக, மில்லு வேலைக்குப் போறவங்க. அவங்களுக்கு இன்ஸ்டான்னா காலேஜ் புள்ளைக சமாச்சாரம். அங்க இருந்த காலேஜ் புள்ளைகளுக்குப் போர்வை எதுக்கு? 18 ஆயிரத்துல என் போன்ல நம்பர் இருந்தது 212 பேரு. அவ்வளவுதான் மிச்சம். ரெண்டு தறியில ஒண்ணுல பாவு, அதான் நீளவாக்குல ஓடற நூலு, தீந்ததும் அப்பா புதுப்பாவு போடல.

பவர்டேபிள்காரன்:
தங்கச்சி சொல்றது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா என்ற கட்சி மஞ்சமண்டி அண்ணன் கட்சிதான். செகண்ட்ஸ் பீஸை, அதான் பழுதுன்னு கழிச்ச துணியை எடுத்து "பிராண்டட் சர்ப்ளஸ், 99 ரூபா"ன்னு ரீல் போடறானுக. நாங்க தச்சுக் குடுக்கற நல்ல பீஸுக்கு அந்த ரேட்டையே காட்டிப் பேரம் பேசறாங்க. நூலு விலை, தையக்கூலி எதுவும் ரீலுக்குத் தெரியாது. அப்பறம் சிஓடி, பார்சல் கைக்கு வந்ததும் காசு குடுக்கறது. நானும் ஆறு மாசம் பண்ணிப் பாத்தேன். பத்து பார்சல் அனுப்புனா மூணு திரும்பி வரும், போக வர ரெண்டு கூரியர் காசும் நம்ம தலைமேல.

நொய்யல்கரை:
அண்ணா, சந்தையில ஏமாத்தறவனே இல்லீங்களா? ஒருத்தன் தராசுல கல்லு வெச்சான்னு சந்தையையே மூடுவீங்களா?

மஞ்சமண்டி அண்ணா, கனி மார்க்கெட்டுக்கு வர்றது மொத்த வியாபாரி. நான் ஒரு தடவைக்கு எடுக்கறதே 50 பீஸு. காதர்பேட்டையில கடை அட்வான்ஸ் கேட்டுப் பாத்திருக்கீங்களா? ஆன்லைன் கம்பெனி வழியா வித்தா கமிஷன் போவுது, வெளி மாநிலத்துக்கு அனுப்பணும்னா ஜிஎஸ்டி பதிவும் வேணும்.

மஞ்சமண்டி:
பதிவு பண்ணி வரி கட்டி வியாபாரம் பண்ணுங்க தம்பி, நாங்க பண்ணல? தறிக்கார அம்மிணி, உங்களுக்கு நட்டம் வந்தது கொரோனாவால. ஆப்பு மேல பழி போடாதீங்க.

சென்னிமலை தறி:
கொரோனாவுலதாங்கண்ணா எங்களுக்கு வியாபாரமே வந்துச்சு. மறுபடி படிச்சுப் பாருங்க.

வாய்க்காமேடு:
அரசாங்கம் மூடுறதைப் பத்தியே பேசறோம். 2021 அக்டோபர் 4 ராத்திரி ஞாபகம் இருக்குதுங்களா? பேஸ்புக், இன்ஸ்டா, வாட்சப் மூணும் ஒரே கம்பெனி, அவங்க பக்கம் ஒரு கோளாறு, ஆறு மணி நேரம் மூணும் படுத்துருச்சு. ஆர்டர் எடுக்கறது இன்ஸ்டா, அட்ரஸ் வாங்கறது வாட்சப்புன்னு இருக்கறவன் ரெண்டு கடை வெச்சிருக்கறதா நெனச்சுக்கறான். ரெண்டுக்கும் பூட்டு ஒண்ணுதான்.

நேபாளத்துல 2025 செப்டம்பர்ல 26 ஆப்பை ஒரேயடியா முடக்குனாங்க. போராட்டம் வெடிச்சு அஞ்சு நாள்ல திரும்ப விட்டுட்டாங்க. போராட்டத்துக்கு ஊழல், வேலையில்லாததுன்னு வேற காரணமும் இருந்துச்சு, அது தனிக்கதை. அந்த அஞ்சு நாளும் பேஸ்புக்கை நம்பிக் கடை வெச்சவன் என்ன பண்ணியிருப்பான்?

நொய்யல்கரை:
அப்போ தடை வேணுங்கறீங்களா, வேண்டாங்கறீங்களா?

வாய்க்காமேடு:
வேண்டாம்ங்க. போடறதா இருந்தா மூணு மாசம் முன்னாடி சொல்லட்டும். ராத்திரி சொல்லி விடியறதுக்குள்ள மூடுனா 212 நம்பர்தான் மிஞ்சும்.

பவர்டேபிள்காரன்:
அதுக்கு நானும் சரி. தங்கச்சி, இப்ப எப்படி ஓட்டறீங்க?

சென்னிமலை தறி:
இன்ஸ்டாலதாங்கண்ணா, வேற எங்க போறது. ஆனா பார்சல்ல நம்பர் அடிச்ச சீட்டு வெக்கறோம். வாங்கறவங்க பேரு, ஊரு, நம்பர் எல்லாம் அம்மா நோட்டுல எழுதிருவாங்க. இப்ப நாலாவது நோட்டு. பொங்கலுக்கு முன்னாடி அம்மாவே ஒவ்வொருத்தருக்கா போன் போடுவாங்க. பேச்சு சுவாரசியத்துல பாதி நேரம் போர்வையப் பத்தியே பேச மாட்டாங்க, அது வேற.

மஞ்சமண்டி:
டபுள் பெட்ஷீட் என்ன ரேட்டுங்க அம்மிணி? போட்டோ இருக்குதா?

சென்னிமலை தறி:
இன்ஸ்டாவுல எல்லாம் போட்டிருக்கறேங்கண்ணா.

மஞ்சமண்டி:
என்கிட்ட அந்தக் கருமமெல்லாம் இல்ல. தைப்பூசத்துக்குச் சென்னிமலை வருவேன், நாலு எடுத்து வைங்க. அந்த நோட்டுல என்ற நம்பரையும் எழுதிக்கச் சொல்லுங்க.