இடதுகால் அண்ணையின் படம் உங்கள் பெட்டியில் இருக்கிறதா?

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊரில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நாளை மறுநாள் இத்தாலிக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முதல் உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்டுவிட வேண்டும்.

போன ஞாயிறு பின்னேரம் எங்கள் மைதானத்தில் இடதுகால் அண்ணைக்கு மதிப்பளிப்பு நடந்தது. (பெயரை மடலில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடாவிட்டாலும் இங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும்.) நல்ல சனம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், குமுளமுனைப் பக்கமிருந்தெல்லாம் பழைய உதைபந்தாட்டக்காரர் பேரப்பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னம் எல்லாம் முறையாக நடந்தன. செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே அனுப்புவார்.

என் மனதை விட்டுப் போகாதது மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகை. ஆறடி உயரம். அதில் இருந்தது அண்ணையின் அடையாள அட்டைப் படம். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேட்டு, நேரே வெறித்த பார்வை. பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடந்தது. பந்தோடு நிற்கிற படம் ஒன்றும் கிடைக்கவில்லையா என்று பெடியளைக் கேட்டேன். "வேற படமே இல்லை அண்ணை" என்றார்கள்.

அவர் விளையாடியதைக் கண்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று விளங்கும். காணாத இளையவர்களுக்காக ஒரே ஒரு கோலைச் சொல்கிறேன்.

1982 வைகாசி, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை. முள்ளியவளையில் இறுதி ஆட்டம். எனக்குப் பத்து வயது. ஐயாவின் சைக்கிள் பாரில் இருந்து போனேன். அன்றைக்கு அடித்த பந்தைத் தைத்ததே அண்ணைதான். மூன்று இடத்தில் தையல் விட்டிருந்தது. முதல்நாள் இரவு அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் கோணூசியும் மெழுகு பூசிய நூலுமாக இருந்து தைத்தார். உள்ளே பிளாடருக்குச் சைக்கிள் ரியூப் ஒட்டு. தைத்து முடித்ததும் பந்தைக் காதோடு வைத்துக் காற்றுப் போகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். பிறகு என் காதிலும் வைத்தார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கடைசி ஐந்து நிமிடம். நடுக்கோட்டுக்குக் கிட்ட இடப்பக்கக் கரையில் பந்து அவருக்கு வந்தது. சப்பாத்து இல்லை, வெறுங்கால். கிறவல் மண். ஒருவரை வெளியால் கழித்தார், அடுத்தவரை உள்ளால். மூன்றாமவர் முழு வேகத்தில் விழுந்து தடுக்க வந்தபோது, பந்தின் மேல் உள்ளங்காலை வைத்து ஒரு கணம் அப்படியே நின்றார். வந்தவர் சறுக்கிக்கொண்டு எல்லைக் கயிற்றுக்கு வெளியே போய்விட்டார். கோல்காப்பாளர் முன்னுக்கு ஓடி வந்தார். அண்ணை அடிக்கவில்லை. இடதுகாலின் உட்பக்கத்தால் மெல்லத் தள்ளிவிட்டார். பந்து அவசரமில்லாமல் உருண்டு போனது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. வலை கூட இல்லாத கம்பம் அது. கோலுக்குள் போன பந்து பின்னால் நின்ற மாட்டு வண்டிச் சில்லில் முட்டித்தான் நின்றது.

நான்கு வருடம் கழித்துத்தான் நாங்கள் ஆர்ஜென்ரீனா ஆட்டக்காரர் மரடோனாவைக் கண்டோம். மெக்சிக்கோ உலகக் கிண்ணம் முடிந்து சில மாதத்துக்குப் பிறகு ஒரு வீடியோ கசெட் ஊருக்கு வந்தது. வாசிகசாலை முற்றத்தில் ஜெனரேற்றர் பிடித்துப் போட்டார்கள். 1986 யூன் 22, அஸ்ரெக்கா மைதானம், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். கையால் தட்டிய முதலாவது கோல் வந்தபோது ஒரே வாக்குவாதம். நான்கு நிமிடம் கழித்து இரண்டாவது. தன்னுடைய பாதியில் பந்தை எடுத்து, வழியில் வந்தவர்களை எல்லாம் கழித்து, கோல்காப்பாளர் பீற்றர் ஷில்ரனையும் தாண்டிப் போட்ட கோல். 2002இல் ஃபிஃபா நடத்திய வாக்கெடுப்பில் நூற்றாண்டின் கோல் என்று தெரிவானது அதுதான். அதுவும் இடதுகாலால். முற்றத்தில் இருந்த அவ்வளவு பேரும் ரீவியை விட்டுவிட்டுத் திரும்பி அண்ணையைப் பார்த்தார்கள். அவர் எழுந்து போய் ஜெனரேற்றருக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பேரும் 1960இல் பிறந்தவர்கள். மரடோனா ஒக்ரோபர் 30. அண்ணை அவருக்கு ஆறு மாதம் மூப்பு. அதனால்தானோ என்னவோ, அந்த ஆளை அவர் கடைசிவரை தன் தம்பியைப் போலத்தான் கதைப்பார்.

1994இல் போர்க்காலப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம். அமெரிக்காவில் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்தது. கிரேக்கத்துக்கு எதிராக மரடோனா கோல் போட்டார் என்று கேட்டு இரவிரவாகக் கதைத்தோம். சில நாள் கழித்து, ஊக்கமருந்துச் சோதனையில் எபெட்ரின் இருந்ததால் அவரை வெளியேற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு மிதியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அண்ணை. செய்தி பாதியில் நிற்கும்போதே அவருடைய கை நின்றுவிட்டது. சில்லு மெதுவாகி மெதுவாகி, வாசிக்கிறவரின் குரல் தேய்ந்து, வானொலி அடங்கிப் போனது. "சுத்துங்கோ அண்ணை" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நான் பலெர்மோவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இரவுக் கப்பலில் ஏறினால் விடிய நாப்பொலியில் இறங்கலாம். மரடோனா 2020 நவம்பர் 25 காலமான பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். அந்த ஊர் அணிக்கு ஏழு வருடம் விளையாடி 1987இலும் 1990இலும் இத்தாலி லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த மனிதர். சான் பாவ்லோ என்று இருந்த மைதானத்துக்கு, அவர் இறந்து பத்து நாளைக்குள் அவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள். பழைய குடியிருப்பு ஒன்றில் பல மாடி உயரச் சுவரில் 1990இல் வரைந்த படம் இருக்கிறது. இடையில் யாரோ அவருடைய முகம் இருந்த இடத்திலேயே யன்னல் வெட்டிவிட்டார்களாம். பிறகு படத்தைப் புதுப்பித்தபோது யன்னல் கதவிலேயே முகத்தை வரைந்தார்கள். கதவைச் சாத்தினால் முகம் வரும். கீழே பூ, மெழுகுதிரி, மாலை மாலையாக ரசிகர்களின் கழுத்துச் சால்வைகள். ஒரு கிழவி சுவரைத் தொட்டுத் தன் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு போனார். எங்கள் அம்மாமார் வற்றாப்பளையில் செய்வது போலவே இருந்தது.

அந்த இங்கிலாந்து ஆட்டம் முடிந்ததும் மரடோனாவோடு சட்டை மாற்றிக்கொண்டவர் இங்கிலாந்து ஆட்டக்காரர் ஸ்ரீவ் ஹொட்ஜ். அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். 2022இல் லண்டனில் ஏலத்தில் போட்டபோது 71 இலட்சம் பவுணுக்கு மேல் போனது. விலையை விடுங்கள். ஒரு மனிதர் முப்பத்தைந்து வருடமாக அதை எறியாமல் வைத்திருந்தாரே, அதைத்தான் நான் நினைக்கிறேன்.

இனி எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1982 வெற்றிக்குப் பிறகு ஸ்ரூடியோக்காரர் ஒருவர் வந்து எங்கள் அணியைப் படம் எடுத்தார். மூன்று பிரதி போட்டதாக அண்ணை உறுதியாகச் சொல்கிறார். ஒன்று வாசிகசாலையில் தொங்கியது. வாசிகசாலையே போய்விட்டது. இரண்டாவது அவருடைய வீட்டில் இருந்தது. 2009 தொடக்கத்தில் இடம்பெயரும்போது றங்குப்பெட்டியில் வைத்து வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனார். விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன், பிறகு மெனிக் பாம் முகாம். மீள்குடியேறி வந்து கிண்டியபோது பெட்டி இருந்தது. படம் ஈரத்தில் ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. உரித்ததில் மேல்பாதி கண்ணாடியோடு போய், கீழ்ப்பாதி மட்டும் கையில் வந்தது.

திங்கட்கிழமை வீட்டுக்குப் போனபோது அதை எடுத்துக் காட்டினார். பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்திருக்கிறார். முன்வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்கள், பின்வரிசையின் சில பாதங்கள், நடுவில் அந்தத் தைத்த பந்து. முகம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு காலாகத் தொட்டு யார் யாரென்று சொன்னார். அதில் நான்கு பேர் இப்போது இல்லை.

அன்றைக்கு நான் அவருக்கு ஒன்று சொன்னேன். 2001 நவம்பரில் ஆர்ஜென்ரீனாவின் பொம்பொனேரா மைதானத்தில் தனக்கு நடந்த பிரியாவிடை ஆட்டத்தில் மரடோனா அழுதுகொண்டே, நான் பிழை விட்டேன், அதற்கு விலையும் கொடுத்தேன், ஆனால் பந்தில் கறை படியாது என்றார். அண்ணை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் அந்தப் பாதிப் படத்தை உறைக்குள் திரும்ப வைத்தார்.

மூன்றாவது பிரதி வெளிநாட்டில் இருக்கிறது. அணியில் இருந்த ஒருவர் 1984 அல்லது 85இல் யேர்மனிக்குப் போகும்போது கொண்டுபோனதாக அண்ணைக்கு ஞாபகம். ஊரில் இருந்தவர்களுக்கு ஒரு படமும் மிஞ்சவில்லை. 90க்கு முதல் வெளிக்கிட்டவர்களின் பெட்டிகளில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. தயவுசெய்து தேடுங்கள். பழைய அல்பங்கள், கடிதக் கட்டுகள், காலமான பெரியவர்களின் சூட்கேசுகள். கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் ஓலை வேலி, வலப்பக்கம் பாதி பாலைமரம். அண்ணை பின்வரிசையில் இடக்கரையில் நிற்கிறார், கையைக் கட்டிக்கொண்டு. அவர் தனியாக நிற்கிற வேறு படம் கிடைத்தாலும் சரி.

கிடைத்தால் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டாம், ஒட்டியிருந்தால் உரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் யன்னல் ஓரமாக வைத்து, நிழல் விழாமல் போனில் எடுத்து அனுப்புங்கள். யேர்மனிக்குப் போனவர் யாரென்று ஞாபகம் உள்ளவர்கள் இன்று இரவே எனக்கு எழுதுங்கள். நாளைக் காலை அண்ணையிடம் பயணம் சொல்லப் போகிறேன், நேரிலேயே சொல்லிவிடலாம்.