கிரேக்கக் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்? எல்லிஸ் தீவுப் பட்டியலில் பெயரே இல்லை

சிகாகோ மருமகள்:
என் கணவர் வீட்டார் கிரேக்க வழியினர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1910 வாக்கில் நியூயார்க்கில் இறங்கி சிகாகோவில் குடியேறியவராம். கல்லறையில் ‘கஸ் ஜே. பாப்பாஸ், பிறப்பு 1889’ என்றிருக்கிறது. சொந்த ஊர் திரிப்போலிப் பக்கம் (லிபியாவில் இருப்பது அல்ல, தென் கிரேக்கத்துப் பெலோபொன்னேசில் இருப்பது) ஏதோ மலைக்கிராமம் என்பதற்கு மேல் மாமியாருக்குத் தெரியவில்லை. நியூயார்க்கில் குடியேறிகளைச் சரிபார்த்த எல்லிஸ் தீவின் பட்டியலில் தேடினால் யார் யாரோ பாப்பாஸ் வருகிறார்கள், இவர் இல்லை. அதிகாரிகள் அங்கேயே பெயரை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள் என்கிறார்கள் வீட்டில். கிரேக்கத்திலிருந்து புறப்பட்டவர்களின் பதிவைத் தேடிப் பார்க்கட்டுமா?

பழுப்புத்தாள்:
வேண்டாம். அந்தப் பக்கத்துப் புறப்பாட்டுப் பதிவுகளில் பயன்படும்படி எஞ்சியவை மிகக் குறைவு, காலம்தான் கரையும். கப்பலையும் இப்போதைக்கு விடுங்கள். அமெரிக்காவில் அவர் விட்டுச்சென்ற தாள்களில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்.

பெயரை வெட்டிய கதை எல்லா வீட்டிலும் உண்டு, ஆதாரம்தான் இல்லை. எல்லிஸ் தீவு அதிகாரிகள், புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்து ஆளைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பாபாதோபுலோஸ் போன்ற நீளப் பெயர்கள் பாப்பாஸ் ஆனது பெரும்பாலும் பிற்பாடு, வேலையிடத்திலோ நீதிமன்றத்திலோ. கஸ் என்பவரும் பட்டியலில் கொன்ஸ்தந்தினோஸாகத்தான் இருப்பார்.

முதலில் 1920, 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். பெயருக்கு எதிரே ‘என்ஏ’ என்றிருந்தால் குடியுரிமை பெற்றவர், ‘பிஏ’ என்றால் முதல் தாள் (குடியுரிமை பெற விரும்புவதாகச் சொல்லும் அறிவிப்பு) மட்டும் போட்டவர். குடியுரிமைக் கோப்பு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 1906 செப்டம்பர் 27 முதல் நாடெங்கும் ஒரே மாதிரிப் படிவம்: பிறந்த இடம், கப்பல், வந்த தேதி எல்லாம் கேட்பார்கள். 1906 ஜூன் முடிவுக்குப் பின் வந்தவர் வருகைச் சான்றும் இணைக்க வேண்டும். கப்பல் பட்டியலில் ஆளைக் கண்டுபிடித்த பிறகே அந்தச் சான்றைத் தந்தார்கள். ஆக, தேடல் வேலையை அன்றைய எழுத்தர் உங்களுக்காக ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார். வடக்கு இல்லினாய் குடியுரிமை அட்டவணை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசம்.

பாய்மரம்:
நடுவில் இருக்கும் ‘ஜே’யை விட்டுவிடாதீர்கள். நம் இனிஷியலைப் போலவே அது தகப்பனார் பெயரின் முதல் எழுத்தாக இருக்கும். யோவானிஸ் ஜான் ஆகியிருக்கலாம், திமித்ரியோஸ் ஜேம்ஸ் ஆகியிருக்கலாம். தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரை வைப்பது கிரேக்க வழக்கம். இவருடைய மூத்த மகன் பெயர் என்ன?

சிகாகோ மருமகள்:
ஜான்! கோப்பும் கிடைத்துவிட்டது. வந்தபோது பெயர் கொன்ஸ்தந்தினோஸ் பாபயோவானு. மார்த்தா வாஷிங்டன் கப்பல், புறப்பட்டது கிரேக்கத்துப் பத்ராஸ் துறைமுகம், ஆனால் ஆண்டு 1913. தேதியை வைத்துப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அட்டவணை போட்டவர் முதல் எழுத்தான ‘பி’யை ‘ஆர்’ என்று படித்து ‘ரபயோவானு’ என ஏற்றியிருக்கிறார். பிறகு எப்படி அகப்படும்? இடப்பக்கத்து ஒரு கட்டத்தில் ஊரிலுள்ள நெருங்கிய உறவு: தந்தை யோவானிஸ். கடைசியாக வசித்த ஊர் ‘ஸிபியானா’. வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை. 1910 என்று வீட்டில் சொன்னதும் பொய்யா?

பாய்மரம்:
அவசரப்படாதீர்கள். வலப்பக்கத்தில் ‘முன்பு அமெரிக்காவில் இருந்ததுண்டா’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது?

சிகாகோ மருமகள்:
‘ஆம், 1909 முதல் 1912 வரை, சிகாகோ.’

பாய்மரம்:
அப்படியானால் வீட்டார் சொன்னது ஏறக்குறைய சரி. 1912 இலையுதிர்காலத்தில் பால்கன் போர் மூண்டதும் ஆயிரக்கணக்கான கிரேக்க இளைஞர்கள் அமெரிக்காவிலிருந்து திரும்பிப் போய்ப் படையில் சேர்ந்தார்கள். இவரும் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல ராணுவப் பதிவு வேண்டும். 1909க்கு இன்னொரு கப்பல் பட்டியல் இருக்க வேண்டும், அதையும் தேடுங்கள்.

பழுப்புத்தாள்:
ஊர் த்சிபியானா. 1920களில் பெயர் மாறி இன்று நெஸ்தானி. ஸ்லாவ், துருக்கிய வேர் கொண்ட ஊர்ப்பெயர்களையெல்லாம் கிரேக்க அரசு அந்தக் காலத்தில் வரிசையாக மாற்றியது. ‘பாந்தெக்திஸ்’ என்ற கிரேக்க ஆய்வு நிறுவனத் தளத்தில் பழைய பெயரைக் கொடுத்தால் புதிய பெயர் வரும்.

இனித் திரிப்போலியில் உள்ள அரசு ஆவணக் காப்பகக் கிளைக்கு எழுதுங்கள், கிரேக்கத்திலேயே, நான்கு வரிக்கு மேல் போகாமல். கேட்க வேண்டியது ‘மித்ரோ அரெனோன்’, அதாவது ஆண்கள் பதிவேடு. படைக்கு ஆள் எடுப்பதற்காகப் பிறந்த ஆண்டு வாரியாக வைத்தது. ஊரின் இரண்டு பெயரையும், தந்தை பெயரையும் கொடுங்கள். பிறந்த ஆண்டை 1889 என்று மட்டும் கேட்காமல் 1886 முதல் 1892 வரை பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த தேதி 12 நாள் முன்பின்னாக இருந்தால் கலங்க வேண்டாம். 1923 வரை கிரேக்கத்தில், இன்றைய நாட்காட்டிக்குப் பின்தங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டிதான். அக்கா தங்கைகள் இருந்தால் அந்தப் பதிவேட்டில் அகப்பட மாட்டார்கள், அவர்களுக்குக் கோயிலின் திருமணப் பதிவைத் தனியாகக் கேளுங்கள்.