ஜேர்மனியில் திருச்சபையை விட்டு விலகுவோரும் விலகாதவையும்: என் அனுபவம்

நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலன் மாநிலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் ஈழத்தமிழன் நான். மதத்தின் செல்வாக்கு காலப்போக்கில் குறையுமா என்ற கேள்விக்கு இங்கே நான் பழகிய மனிதர்களை வைத்தே பதில் சொல்ல முடியும்.

என் நண்பர் ஒருவர் உள்ளூர் நீதிமன்றத்துக்குச் சென்று, 30 யூரோ கட்டணம் செலுத்தி, திருச்சபையிலிருந்து விலகுவதாகக் கையொப்பமிட்டார். இங்கு திருச்சபை உறுப்பினரின் சம்பளத்திலிருந்து, வருமான வரியில் 9 சதவீதத்துக்கு நிகரான தொகை தேவாலய வரியாகப் பிடிக்கப்படுகிறது. ஆனால் அவரைத் தூண்டியது பணம் அல்ல. 1946 முதல் 2014 வரை ஜேர்மனியில் கத்தோலிக்கக் குருமாரின் பாலியல் கொடுமைக்கு ஆளான 3,677 பேரைப் பற்றிய பதிவுகள் இருந்ததை 2018இல் வெளிவந்த ஆய்வறிக்கை காட்டியது. "கடவுளோடு எனக்குக் கோபமில்லை, மூடி மறைத்தவர்களோடுதான் கோபம்" என்று அவர் சொன்னபோது என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் 5 லட்சத்துக்கும் அதிகமான கத்தோலிக்கர் இவ்வாறு விலகினார்கள். கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தினர் ஆகிய இரு பெரும் சபையினரையும் கூட்டினாலும் இன்று அவர்கள் நாட்டு மக்களில் பாதிக்கும் குறைவே.

இருந்தும் அதே நண்பரின் மகள் திருச்சபை நடத்தும் பாலர் பாடசாலைக்கே போகிறாள். நவம்பரில் புனித மார்ட்டின் நாளன்று விளக்கேந்திய ஊர்வலத்தில் அவரும் அவளோடு நடக்கிறார். ஜேர்மனியின் பழைய அரசியலமைப்பான 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பிலிருந்து, இன்றைய அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 140ஆம் பிரிவுக்குள் கொண்டுவரப்பட்ட விதி ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகக் காப்பதால், எதிலும் நம்பிக்கையற்றவர்களும் சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுகிறார்கள். பெரிய வெள்ளியன்று பொது இடங்களில் நடன நிகழ்ச்சி நடத்த இன்றும் தடை உண்டு. எங்கள் இல்லத்தில் திருப்பலி ஒப்புக்கொடுப்பவரோ கேரளத்திலிருந்து வந்த குருவானவர். இந்த மண்ணில் குருத்துவப் பணிக்கு முன்வரும் இளைஞர் மிகச் சிலரே.

எங்கள் மக்களிடையே நிலைமை வேறுவிதமாக இருக்கிறது. ஹம் நகரில் 2002இல் எழுந்த காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். 1642 முதல் மாதா திருத்தலமாக விளங்கும் கெவலாரில் ஆகஸ்டு மாதம் நடைபெறும் தமிழர் யாத்திரையில் சைவர்களும் மெழுகுதிரி ஏற்றுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். போரும் இடப்பெயர்வும் சிதறடித்த குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் இடங்கள் அவை; அதனால்தான் அங்கே கூட்டம் குறையவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் கட்டளையிடும் மதத்தை எங்கள் பிள்ளைகளும் ஏற்பதில்லை. மகளின் திருமணப் பேச்சு வந்தபோது குறிப்புப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று என் மனைவி கேட்டார். "அம்மா, நான் விரும்பியவரைக் கிரகம் தீர்மானிக்கக் கூடாது" என்று மகள் மறுத்துவிட்டாள். மருமகனின் சாதியை எவரும் விசாரிக்கக் கூடாது என்றும் சொன்னாள். அவள் சொன்னது நியாயம் என்பதால் நான் அவள் பக்கமே நின்றேன். தாலி மட்டும் அம்பாள் சந்நிதியில்தான் ஏற வேண்டும் என்று அவளே கேட்டாள், அப்படியே நடந்தது.