புதுப்பிப்பு: அம்மாவின் தலைச்சுற்றலுக்குக் காரணம் தெரிந்தது

ஏற்காட்டிலிருக்கும் என் 78 வயது அம்மா எழுந்து நின்றாலே தலைசுற்றித் தடுமாறுவது மூப்பினாலா, மாத்திரைகளாலா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. கடையில் நாமாக வாங்கியவை உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மலையிறங்கிச் சேலத்தில் பார்த்த மருத்துவர், அட்டைகளை மேசையில் பரப்பி, பெரிய எழுத்திலுள்ள வணிகப் பெயரை விட்டுச் சிறிய எழுத்திலுள்ள மருந்தின் பெயரை மட்டும் வாசித்தபோது, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் இரண்டு மருந்துச் சீட்டுகளிலிருந்து இரண்டு பெயர்களில் வந்திருப்பதும், அதனால் வந்த கணுக்கால் வீக்கத்துக்கே நீர் மாத்திரை சேர்ந்திருப்பதும் தெரிந்தது. முதலில் இரண்டு அம்லோடிபினில் ஒன்றையும், வீக்கம் வடிந்தபின் நீர் மாத்திரையையும் அவரே நிறுத்தினார். மூன்று வாரத்தில் தலைச்சுற்றல் நின்றது.

எதிர்பாராதது ஒன்று: மலைக்குளிருக்கென அம்மா தினமும் போட்டுக்கொண்ட சளி மாத்திரையில் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து இருந்தது. முதியவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்காக 1991இல் அமெரிக்காவில் தொடங்கிய பீர்ஸ் பட்டியலில் இன்று அதுவும் இருக்கிறது. அதை விட்டபின் மாலைநேரக் குழப்பமும் மலச்சிக்கலும் குறைந்தன. சளிதான் அப்படியே இருக்கிறது.