அயோவால 1920லயே பொண்ணுங்களுக்கு ஸ்டேட் டோர்னமெண்ட், இண்டியானால 1976லயா?

ஹாஃப்கோர்ட்:
அமெரிக்க ஹைஸ்கூல் பாஸ்கெட்பால் பத்தி தோண்டிட்டு இருக்கேன். இண்டியானான்னாலே பாஸ்கெட்பால் பைத்தியம் புடிச்ச ஸ்டேட், பசங்களுக்கு 1911லயே சாம்பியன்ஷிப் வந்தாச்சு, ஆனா பொண்ணுங்களுக்கு 1976 வரைக்கும் ஒண்ணுமே இல்ல. அயோவால 1920லயே நடத்திட்டாங்க. சோளக்காட்டு ஊருங்களுக்கு அப்ப அவ்வளவு முற்போக்கு எங்கருந்து வந்துச்சு?

ரீபவுண்ட்ராணி:
முற்போக்குன்னு சொல்ல மாட்டேன், பிடிவாதம்னு வேணா சொல்லலாம். முதல் டோர்னமெண்ட் அயோவா தலைநகர் டெமாய்ன்ல டிரேக் யூனிவர்சிட்டில நடந்துச்சு, ஜெயிச்சது கரெக்‌ஷன்வில்னு ஒரு குட்டி ஊரு. 1925ல ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் சங்கம், கூட்டத்துக்கு முன்னாடி பொண்ணுங்க ஆடறது சரியில்லன்னு கேர்ள்ஸ் பாஸ்கெட்பாலையே கைகழுவ பாத்துச்சு. உடனே சின்ன ஊர் ஸ்கூல் தலைமைங்க கொஞ்ச பேரு வெளிய வந்து பொண்ணுங்களுக்குன்னே தனி யூனியன் ஆரம்பிச்சுட்டாங்க. குளிர்காலத்துல மொத்த ஊரும் கூடறதே அந்த மேட்சுக்குதான், அத விட்டுக்குடுப்பாங்களா? பக்கத்து இல்லினாய்ஸ்ல 1907ல தடை போட்டாங்க, ஸ்டேட் டோர்னமெண்ட் வர 1977 ஆச்சு பாருங்க.

பழையஸ்கோர்ஷீட்:
அயோவா பொண்ணுங்க ஆடுனது சிக்ஸ் ஆன் சிக்ஸ், அதாவது டீமுக்கு ஆறு பேரு பாஸ், அத சொல்லாம விட்டா கதையே புரியாது. மூணு ஃபார்வர்டு (கூடைல போடறவங்க) ஒரு பாதி கோர்ட்ல, மூணு கார்டு (தடுக்கறவங்க) இன்னொரு பாதில, நடுக்கோட்டை யாரும் தாண்ட கூடாது, பந்தை ரெண்டு தடவ தரையில தட்டுனதும் பாஸ் இல்லன்னா ஷாட், அவ்வளவுதான். ஸ்கோர் பண்றது ஃபார்வர்டு மட்டும்தான்றதால நம்பரெல்லாம் நம்பவே முடியாது. 1968 ஃபைனல்ல எவர்லி டீமோட ஜானெட் ஓல்சன் 76 பாயிண்ட் அடிச்சும் தோத்துட்டாங்க! எதிர்ல யூனியன் விட்டன் டீமோட டெனிஸ் லாங் 64, ஓவர்டைம்ல அவங்க டீம் 113-107ன்னு ஜெயிச்சுது. அடுத்த வருஷம் டெனிஸை ஆண்கள் என்பிஏ டீம் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் டிராஃப்ட்லயே (புது ஆட்டக்காரங்கள டீமுங்க தேர்ந்தெடுக்கறது) எடுத்தாங்க, என்பிஏ கமிஷனர் செல்லாதுன்னுட்டாரு.

கார்டுதான்நான்:
எல்லாரும் 76, 64ன்னே பேசுறீங்க, அந்த பக்கம் நின்ன கார்டுங்கள யாராவது யோசிச்சீங்களா? ஹைஸ்கூல் முழுக்க டிஃபென்ஸ் மட்டும், மேட்ச்ல ஒரு ஷாட் கூட போட்டிருக்க மாட்டாங்க. 1972ல டைட்டில் நைன் சட்டம் (அரசு பணம் வாங்கற ஸ்கூல், காலேஜ்ல ஆண், பெண்ணுன்னு பாகுபாடு கூடாதுங்கறது) வந்தப்புறம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் வர ஆரம்பிச்சுது, ஆனா அங்க ஆட்டம் ஃபுல் கோர்ட், அஞ்சு பேரு. கார்டுங்களுக்கு அங்க என்ன வாய்ப்பு? டென்னஸி ஸ்டேட்ல இதுக்காக கோர்ட்டுக்கே போனாங்க (அந்த கோர்ட் இல்ல, நிஜ கோர்ட்). எனக்கு கேட்டா சிக்ஸ் ஆன் சிக்ஸ் போனது நல்லதுதான்.

ஹாஃப்கோர்ட்:
ஓ அப்ப இண்டியானாக்கு 1976ல வந்ததும் டைட்டில் நைனாலதானா?

ரீபவுண்ட்ராணி:
ஆமா, பெரும்பாலும் அந்த அழுத்தம்தான். முதல் கப் வார்சா ஸ்கூலுக்கு, ஜூடி வாரன் டீம். அவங்க நேரா அஞ்சு பேரு ஆட்டத்துலயே ஆரம்பிச்சுட்டாங்க. அயோவா 1993 வரைக்கும் ஆறு பேர விடல, ஓக்லஹோமா அதுக்கும் மேல, 1995.