பழைய ஆண்டு மலரை இணையத்தில் ஏற்றுகிறவர்களே, எங்கே இடறியது? – அனுபவப் பகிர்வு

செந்தூல், கோலாலம்பூர் – தொடக்கப் பதிவு

கோயில் குடமுழுக்கு மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், இளைஞர் மன்ற இதழ், தோட்டத் தொழிற்சங்க வெளியீடு எல்லாம் இப்போது பலருடைய அலமாரியில் பூச்சிக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றுபோனது. சில நூறு படி மட்டும் அச்சான மலரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

ஸ்கேன், எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்), உரிமை, ஏற்றம் என்று எந்தக் கட்டத்தில் எது உதைத்தது, ஏன் உதைத்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், வேலை விவரம் போதும்.

முதலில் ஒன்று நான் சொல்லிவிடுகிறேன். 1986ஆம் ஆண்டின் 331ஆம் சட்டப்படி, இங்கே அச்சாகும் நூலில் 5 படிகளைப் பதிப்பாளர் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் மலர் அங்கே இருக்கிறதா என்று தேடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இருந்தால், உங்கள் படியில் கிழிந்துபோன பக்கத்தை அதைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் – அச்சகத் தொழில்

ஐயா, இடறல் முதல் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது. வேகமாக முடிய வேண்டுமென்று 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 பிக்சல்) ஸ்கேன் செய்கிறார்கள். திரையில் நன்றாகத்தான் தெரியும். ஆனால் 8 பாயிண்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த அளவில் இரண்டு பிக்சல் அகலம்தான் வரும். காகிதக் கறையும் அதே அளவு. ‘பால்’ என்பது ‘பால’ ஆகும், கறை விழுந்த ‘பல’ என்பது ‘பல்’ ஆகும். 400 டிபிஐ வைத்தால் புள்ளி நான்கு பிக்சலாகத் தேறும். பெரிய எழுத்துக்கு 300 போதும், அதற்குக் கீழே போகவே கூடாது.

கறுப்பு-வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறத்தில் எடுங்கள். ஏ4 பக்கம் 400 டிபிஐயில் சுருக்கம் இல்லாமல் ஏறத்தாழ 15 எம்பி வரும். 200 பக்க மலருக்கு 3 ஜிபி. வட்டு விலை மலிந்துவிட்ட காலத்தில் இது ஒரு சுமையே இல்லை. மூலப்படியை டிஃப் வடிவத்தில், இழப்பில்லாச் சுருக்கத்தில் வையுங்கள். ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாகச் சுருக்கும்போது எழுத்தின் ஓரத்தில் தூசி கிளம்பும், அதையும் எந்திரம் புள்ளியாக எடுத்துக்கொள்ளும்.

பிடிஎஃப் சுருக்கத்தில் இன்னொரு ஆபத்து. 2013இல் ஜெராக்ஸ் எந்திரங்கள் ஸ்கேன் செய்த தாள்களில் 6 என்ற இலக்கம் 8 ஆக மாறியிருந்ததை ஜெர்மனியைச் சேர்ந்த கணினி வல்லுநர் டேவிட் கிரீசல் வெளிப்படுத்தினார். காரணம் ஜேபிக்2 என்ற சுருக்க முறை. ஒன்றுபோல் தெரியும் வடிவங்களை ஒரே வடிவம் என்று எடுத்துக்கொண்டு, ஒன்றின் படத்தையே மற்ற இடங்களிலும் ஒட்டிவிடும். நம் மொழியில் ‘ர’வும் துணைக்காலும் எவ்வளவு நெருக்கம் என்று யோசித்துப் பாருங்கள். இழப்புள்ள ஜேபிக்2 தேர்வை அணைத்துவிட்டுத்தான் நான் பிடிஎஃப் செய்யச் சொல்வேன்.

மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால், பக்கத்துக்குப் பின்னால் பளபளப்பில்லாத கறுப்பு அட்டை வையுங்கள். பாதித் தொல்லை போய்விடும். துருப்பிடித்த ஸ்டேப்பிளை இழுக்காதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து மெல்லிய தகட்டால் கால்களை நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக எடுங்கள். பினாங்கு ஈரத்தில் ஒட்டிப்போன தாளை வெயிலில் காயவைக்கவே கூடாது, சுருங்கி அலையலையாக ஆகிவிடும். குளிர்சாதன அறையில் சில நாள் வைத்துப் பாருங்கள். அப்போதும் பிரியாவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் – மெய்ப்பு பார்ப்பவர்

பட்டர்வொர்த் அண்ணன் சொன்னபடி ஸ்கேன் செய்தாலும் எழுத்துணரி எங்கே தடுமாறும் என்று சொல்கிறேன். டெசராக்ட் என்ற எழுத்துணரியின் 4ஆம் பதிப்பு 2018இல் நரம்பு வலையுடன் வந்தபிறகு தமிழ் எவ்வளவோ தேறிவிட்டது. ஆனாலும் 98 விழுக்காடு சரி என்பதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1,500 எழுத்துள்ள பக்கத்தில் 30 பிழை, 200 பக்கத்தில் 6,000 பிழை.

முதல் எதிரி ‘ர’வும் துணைக்காலும். ‘மரம்’ ‘மாம்’ ஆகும், ‘கரம்’ ‘காம்’ ஆகும். தோட்டத்து மலரில் ‘பால்மரம்’ பக்கத்துக்குப் பக்கம் ‘பால்மாம்’ என்று நிற்கும். ‘மாம்’ என்று ஒரு தேடல் போட்டாலே ஒரு கூடை பிழை அகப்படும்.

அடுத்தது பழைய எழுத்து. 1978இல் தமிழ்நாட்டு அரசாணை 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை. அதற்கு முந்திய அச்சில் ‘லை’ யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்புடன் இருக்கும். இன்றைய எழுத்துருக்களில் பயின்ற எந்திரம் அதை ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதமாகப் படிக்கும். யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றே, ஆகவே தட்டச்சில் சிக்கல் இல்லை. அந்த 13 எழுத்துகளும் வரும் சொற்களை மட்டும் தனியாக ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். இங்கே புதிய வடிவம் எல்லா அச்சகத்திலும் ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பதால், மலரின் ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாமல் பக்கத்தையே பாருங்கள்.

இரண்டு பத்தி அச்சு இருந்தால், பத்தி இடைவெளி குறுகலாகும்போது இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். பத்தியைத் தனித்தனிப் படமாக வெட்டி, டெசராக்டில் பக்கப் பிரிப்பு நிலை 6இல் (முழுப் படமும் ஒரே பத்தி என்று கொள்ளும் நிலை) ஓட்டினால் சரியாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் கொடியது. ‘கௌரி’ என்பதை க, ஒற்றைக்கொம்பு, ள, ரி என்று எந்திரம் எழுதிவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் அகப்படாது. ‘ஔவை’யும் ‘ஒளவை’யும் இதே கதை. ‘ஸ்ரீ’ வேறு இரண்டு விதமாக எழுதப்படுகிறது, ஏனென்றால் தனியான ‘ஶ’ எழுத்து யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. ஒகரத்தை இரண்டு துண்டாக எழுதியிருந்தால் என்எஃப்சி (யூனிகோட் குறியீடுகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறை) சேர்த்துவிடும். ஔகாரத்தில் ‘ள’ நுழைந்துவிட்டால் அது சேர்க்காது, கையால்தான் மாற்ற வேண்டும். சொல்லின் தொடக்கத்தில் துணைக்கால், உயிர்க்குறிக்குப் பின் உயிர்க்குறி, உயிர்க்குறிக்குப் பின் புள்ளி – தமிழில் வரவே முடியாத இந்த மூன்றையும் தேடும் சிறு நிரல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதக் கண் களைத்துப்போய் விட்டுவிடுவதை அது விடாது.

ஆயர் ஈத்தாம், பினாங்கு – கணினி அச்சுக்கோப்பு

கணினி வந்தபிறகு அச்சான மலருக்கு ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம். அச்சகத்தில் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை போலத் தெரியும், பயந்துபோய் அழித்துவிடாதீர்கள். முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலம் தொட்டு யூனிகோட் பரவும்வரை, பல எழுத்துருக்கள் தத்தம் வரிசைப்படி எழுத்தை அடுக்கின. எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்தால் மாற்றியைக் கண்டுபிடித்த மாதிரி. தகுதரம் (டிஸ்கி) போன்ற பழைய குறியீட்டில் ‘கெ’ என்பது கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில். மாற்றி இதைத் திருப்பிப் போடுகிறதா என்று ஒரு பத்தியில் சோதித்துவிட்டு முழுக் கோப்பையும் ஓட்டுங்கள்.

ஜார்ஜ் டவுன் – நூலகப் பணி

உரிமை பற்றி யாரும் பேசவில்லையே! எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு ஆனபின்தான் எடுக்கலாம் என்பதால் பல மலர்களைத் தொடவே முடியாமல் இருக்கிறது.

செராஸ் – சட்ட அலுவலகப் பணி

அக்கா, அந்த 60 இந்தியக் கணக்கு. நம்முடைய 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியப் படைப்புக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப்பின் 50 ஆண்டும். 1970இல் இறந்த ஒரு கவிஞரின் பாட்டுக்கு இங்கே 2020லேயே காலம் முடிந்துவிட்டது. அதுவே இந்தியாவில் 2030 முடிய உயிரோடு இருக்கும். ஆகவே தமிழ்நாட்டு எழுத்தாளர் நம் மலரில் எழுதியிருந்தால், இந்தியாவிலும் திறக்கும் தளத்தில் ஏற்றுமுன் இரண்டு கணக்கையும் போடுங்கள்.

ஆசிரியர் இறந்தபின் முதன்முதலாக அச்சான படைப்புக்கு, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50. புனைபெயர் மட்டும் இருந்து ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் வெளியீட்டிலிருந்துதான் எண்ண வேண்டும். ஆனால் ஆள் தெரிந்துவிட்டால் மறுபடி வாழ்நாள் கணக்குக்குத் திரும்பும். நம் மலர்களில் பாதிப் பேர் புனைபெயரில் எழுதியவர்கள், ஆகவே பக்கத்தின் ஓரத்திலேயே பெயர் விசாரித்த விவரத்தைக் குறித்துவையுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான்: மலரை வெளியிட்ட ஆலயக் குழு ‘சரி’ என்றால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். ஒருவர் அன்புக்காக எழுதிக்கொடுத்த கவிதையின் உரிமை குழுவுக்குத் தானாகப் போய்விடாது. 27ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றமும் சரி, அனுமதியும் சரி, எழுத்தில் இருந்தால்தான் செல்லும். தேநீர்க் கடையில் ‘போட்டுக்கோ தம்பி’ என்று சொன்னது நிற்காது.

ஜார்ஜ் டவுன் – நூலகப் பணி

நன்றி தம்பி, திருத்திக்கொள்கிறேன். மலரில் உள்ள புகைப்படங்கள்? பெரும்பாலும் கடைக்காரரைக் கூப்பிட்டு எடுத்தவை.

செராஸ் – சட்ட அலுவலகப் பணி

கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, சொன்னவருக்கே உரிமை மாறியதாக 26ஆம் பிரிவு கொள்கிறது. பிறநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இங்கே அதே விதி என்று நினைக்காதீர்கள், பல நாடுகளில் அது படம் எடுத்தவரிடமே தங்கும். ரசீதோ கணக்குப் புத்தகமோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் – பார்வையற்றோருக்கான நூல் தயாரிப்பு

படமாக மட்டும் இருக்கும் பிடிஎஃப் எங்கள் வாசகருக்கு வெற்றுத் தாள். தயவுசெய்து உரையையும் சேர்த்து ஏற்றுங்கள். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் தமிழ் படிக்கும், ஆனால் ‘பால்மாம்’ என்று இருந்தால் ‘பால்மாம்’ என்றுதான் படிக்கும். பார்ப்பவர் கண்ணால் திருத்திக்கொள்வார், கேட்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தலைப்பைத் தலைப்பு என்று குறியிடுங்கள், வெறும் தடித்த எழுத்து போதாது, தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் 200 பக்கத்தைக் கடக்க முடியும். பார்வையற்றோருக்கு நூல் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையில் மலேசியா 2022இல் சேர்ந்திருக்கிறது. உரிமைக் காலம் முடியாத நூலையும் தகுதியுள்ள அமைப்பு எங்களுக்கு ஏற்ற வடிவில் ஆக்கித்தர வழி உண்டு.

பங்சார் – மென்பொருள்

பிழை திருத்தத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுப்பவர்களுக்கு: அறியாத சொல்லை அறிந்த சொல்லாக மாற்றுவது அதன் இயல்பு. கிராணி, தண்டல், தீம்பார், லயம் ஆகிய தோட்டத்துச் சொற்கள் நம் மலர்களின் உயிர்ச் சொற்கள். அவற்றை அது ‘திருத்தி’விட்டால், படிக்கச் சரளமாக இருப்பதால் யாருக்கும் ஐயம் வராது. எழுத்துணரி தந்த மூல உரையைத் தொடாமல் வைத்து, மாறிய சொற்களை மட்டும் வரிசையாக எடுத்து ஸ்கேன் படத்துடன் ஒப்பிடுங்கள். நம் வட்டாரச் சொற்பட்டியலை முன்னாலேயே கொடுத்தால் சேதம் குறையும்.

செலவும் கவனிக்க வேண்டியது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு. ‘மலேசியா’ என்பதில் 7 குறியீடு, 21 பைட்டு. அதையே ரோமன் எழுத்தில் எழுதினால் 8. தமிழ் குறைவாகப் பயின்ற செயற்கை நுண்ணறிவு சொல்லைத் துண்டு துண்டாக வெட்டும், துண்டுக்குத்தான் காசு. முழு மலரையும் அனுப்பாமல் ஐயமுள்ள வரிகளை மட்டும் அனுப்புங்கள்.

இனி ஏற்றிய உரை செயற்கை நுண்ணறிவின் பயிற்சிக்குப் போவது பற்றி. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், முறையாகக் கிடைத்த படைப்பைக் கணினித் தரவு ஆய்வுக்குப் படியெடுக்க விலக்கு தருகிறது, ஒப்பந்தம் போட்டும் அதைத் தடுக்க முடியாது. ஜப்பான் 2018லேயே அதுபோன்ற திருத்தம் செய்துவிட்டது. என் கருத்தில், நம் தமிழ் எந்திரத்துக்குள் போகத்தான் வேண்டும். போகாவிட்டால் கிராணியும் தண்டலும் அதற்கு என்றைக்கும் பிழையாகவே தெரியும். ஆனால் எழுதியவர் குடும்பத்துக்குத் தெரிந்து போக வேண்டும். அனுமதிக் கடிதத்தில் ‘எந்திரப் பயிற்சிக்கும் சம்மதம்’ என்று தனி வரி போட்டு, ஆம் இல்லை என்று இரண்டு கட்டம் வையுங்கள்.

செந்தூல், கோலாலம்பூர்

கடிதம் இருந்தும் யாராவது ஆட்சேபித்தால்?

செராஸ் – சட்ட அலுவலகப் பணி

உரிமையாளர் முறைப்படி அறிவிப்பு அனுப்பினால், இணையச் சேவை நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் கோப்பை எடுக்க வேண்டும், 43எச் பிரிவு. எடுத்துவிட்டார்களே என்று வேறு பெயரில் மறுபடி ஏற்றாதீர்கள். உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லி அந்த நிறுவனத்துக்கே மறு அறிவிப்பு அனுப்புங்கள். அதற்குப்பின் ஆட்சேபித்தவர் நீதிமன்றம் போனதாகத் தெரிவிக்காவிட்டால், 10 வேலைநாள் கழித்துக் கோப்பு திரும்ப வரும். தளம் அமெரிக்காவில் இருந்தால் அந்நாட்டு விதியும் சேரும். மறு அறிவிப்புடன் மூன்று தாள் இணையுங்கள்: அனுமதிக் கடிதம், எழுத்தாளரின் இறப்பு ஆண்டு தெரியும் சான்று, மலரின் முதல் பக்கம். ஆட்சேபம் ஒரு கவிதைக்கு மட்டும் என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் மறைத்த படியை ஏற்றிவையுங்கள், மற்ற 199 பக்கமும் மக்கள் கையில் இருக்கட்டும்.