புதுப்பிப்பு: மதினியின் மனச்சோர்வு மாத்திரை

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் மதினிக்கு எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்தார்கள், முதல் வாரமே ஒரே குமட்டல், விட்டுவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விடவில்லை. குமட்டல் தானாக அடங்கிவிட்டது. மனசு தெளியத்தான் நாளானது. மூளையில் மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் என்ற ரசாயனத்தை மாத்திரை சில மணி நேரத்திலேயே கூட்டத் தொடங்கினாலும், மூளை அதற்குப் பழகிப் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம் என்றார் டாக்டர். இப்போது மதினி விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்.

சிக்கலே இனிதான். "நல்லாத்தான இருக்கேன், இனி எதுக்கு தம்பி இந்த மாத்திர?" என்கிறார். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். பட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி உணர்வெல்லாம் வரலாம். டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அப்புறம், மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிரமடால் என்ற வலி மாத்திரையும் இதோடு சேர்ந்தால் ஆகாது. எந்த மாத்திரை வாங்கினாலும் பழைய சீட்டைக் காட்டுங்கள்.

சாப்பிடுகிறவர் 25 வயதுக்கு உட்பட்டவர் என்றால் முதல் சில வாரம் கூடவே இருந்து கவனியுங்கள், தற்கொலை எண்ணம் தலைகாட்டலாம். தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.